கலைச்சொல் உதவி: சூடாகும் இருக்கை, சூடாகும் கண்ணாடி, பழைய காரில் பிறகு பூட்டுவது

திங்கள். ரொறன்ரோ, மொழிபெயர்ப்பாளர்

எல்லோருக்கும் வணக்கம்.

ஸ்காபரோவில் தமிழர்களுக்காக நடக்கும் வாகன மின்வேலை வகுப்புக்குப் பதினான்கு பக்கக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளி இரவு அச்சுக்குப் போகவேண்டும். 2004 கொரோலா மாதிரியான, துணி சீற் உள்ள பழைய காருக்குச் சூடாகும் சீற்றும் சூடாகும் பக்கக் கண்ணாடியும் பிறகு பூட்டுவது எப்படி என்பதுதான் பொருள். உருகி, தடை, மின்னோட்டம், ஆளி எல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கின்றன. மூன்று இடத்தில் நிற்கிறேன்: அந்த இருக்கையின் பெயர், அந்தக் கண்ணாடியின் பெயர், தொழிற்சாலையில் வராத ஒன்றைப் பிற்காலத்தில் சேர்த்துப் பூட்டும் வேலையின் பெயர். இப்போதைக்கு "சூடாக்கப்பட்ட இருக்கை" என்று எழுதி வைத்திருக்கிறேன். சரியாகப் படவில்லை.

திங்கள். கோவை, வாகன மின்பணிப் பயிற்றுநர்

> சூடாக்கப்பட்ட இருக்கை

இது வேண்டாங்க. "சூடாக்கப்பட்ட" என்றால் வேலை முடிந்துவிட்டது என்று பொருள். சுவிட்ச் அணைந்து இருக்கை பனிபோலக் கிடக்கும்போதும் அதற்கு அதே பெயர்தானே? சொல்லைத் தேடும் முன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்வோம்.

ஒரு இருக்கைக்கு இரண்டு விரிப்புகள்: அமரும் பகுதிக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று. உள்ளே கார்பன் இழையோ மெல்லிய தடைக்கம்பியோ ஓடும். அமரும் விரிப்பில் வெப்பநிலையைக் கண்டு மின்சாரத்தை நிறுத்தும் சிறு உணரி இருக்கும். முழுச் சூட்டில் ஒரு இருக்கை ஏறத்தாழ 50 முதல் 60 வாட் இழுக்கும், அதாவது 12 வோல்ட்டில் 4 முதல் 5 ஆம்பியர். இரண்டு இருக்கைக்கும் சேர்த்து 9 ஆம்பியர் என்று வையுங்கள். இதைச் சிகரெட் லைட்டர் வயரில் போய் ஒட்டக்கூடாது. பேட்டரியிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே 15 ஆம்பியர் உருகி, பிறகு ரிலே, அதாவது சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்ச். ரிலேயில் 30 என்ற எண்ணுள்ள முனைக்கு பேட்டரி, 87க்கு இருக்கை, 86க்கு சாவி திருப்பினால் மட்டும் உயிர் வரும் வயர், 85க்கு எர்த். சாவிக்குக் கட்டாமல் நேராகக் கொடுத்தால், அணைக்க மறந்த இரவில் 45 ஆம்பியர் மணி பேட்டரி கணக்குப்படியே ஐந்து மணி நேரத்தில் காலி. குளிரில் அதற்கும் முன்பே ஸ்டார்ட் எடுக்காது.

ஆக, விரிப்பு சூடேற்றுகிறது, இருக்கை சூடேறுகிறது, ஆள் கதகதப்பு பெறுகிறார். மூன்றுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் மாணவர் எதை மாற்றுவார்?

செவ்வாய். மதுரை, தமிழாசிரியர்

கோவை ஐயா தன்வினையையும் பிறவினையையும் பிரித்துக் காட்டியது நன்று. ஆனால் புதிதாகச் சமைப்பதற்கு முன் பழைய பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டாமா?

நெடுநல்வாடையில் கூதிர்க்காலக் குளிரில் மக்கள் கன்னல் என்னும் கலத்தில் உள்ள தண்ணீரைத் தொடாமல் "பகுவாய்த் தடவில் செந்நெருப்பு ஆர" இருக்கிறார்கள். தடவு என்பது நெருப்பிட்டுக் குளிர்காயும் கலம், இந்தளம். அறைக்குள் வைத்து உடம்புக்கு இதம் தேடும் கருவிக்குத் தமிழில் தனிப்பெயர் இருந்தது. "தடவிருக்கை" என்றால் என்ன குறை? தடவு என்னும் முற்றியலுகரத்தின் முன் உயிர் வந்து உகரம் கெட்டது. புணர்ச்சியும் தூயது.

அது கடினம் என்றால் இரண்டாவது முன்மொழிவு: "குளிர்காய் இருக்கை". காய் இங்கே வினைத்தொகை. காய்ந்த, காய்கின்ற, காயும் என மூன்று காலமும் அடங்கும். சுவிட்ச் அணைந்திருந்தாலும் பெயர் பொய்யாகாது. "அகலாது அணுகாது தீக்காய்வார்" என்று 691ஆம் குறள் சொல்வதும் இந்தக் காய்தலைத்தான்.

செவ்வாய். சென்னை, அகராதிப் பணியாளர்

ஐயாவின் மேற்கோள் அருமை. ஆனால் தடவு என்பதற்குத் தொல்காப்பிய உரியியலிலேயே வேறு பொருள் இருக்கிறது: "தடவும் கயவும் நளியும் பெருமை". அடுத்துத் தட என்பது கோட்டமும் செய்யும், அதாவது வளைவையும் குறிக்கும் என்கிறார். ஆகவே தடவிருக்கை என்பதைப் பெரிய இருக்கை என்றோ வளைந்த இருக்கை என்றோ படிக்க இலக்கணமே இடம் தருகிறது. இன்றைய வாசகருக்கோ தடவுதல் என்றால் கையால் தடவுவது. இலக்கியம் அறிந்தவரும் அறியாதவரும் ஒருங்கே தவறாகப் படிக்கும் சொல் கையேட்டுக்கு ஆகாது.

குளிர்காய்தலும் இன்று இடம் மாறிவிட்டது. அடுத்தவர் சண்டையில் ஆதாயம் பார்ப்பதைத்தான் செய்தித்தாள்கள் அப்படி எழுதுகின்றன.

என் முன்மொழிவு: வெதுப்பிருக்கை. வெதுவெதுப்பு என்பது சுடாத சூடு, இந்த விரிப்பு தருவதும் அதுவே. சுடுஇருக்கை என்று ஒருபோதும் போகக்கூடாது. சுடுநீர் இருக்கிறது என்றாலும் சுடுகாடும் கூடவே நினைவுக்கு வரும்.

செவ்வாய். யாழ்ப்பாணம், பௌதிகவியல் ஆசிரியை

சென்னைத் தம்பிக்கு: எங்கள் ஊரில் வெதுப்பகம் என்றால் பாண் சுடும் பேக்கரி. தெருவிலே பெயர்ப்பலகையில் இருக்கிற சொல். வெதுப்பிருக்கை என்றால் இங்கே யாருக்கும் கார் நினைவுக்கு வராது. ரொறன்ரோ வகுப்பில் இருப்பவர்களில் பெரும்பாலானோர் எங்கள் பக்கத்தவர்கள் என்பதையும் யோசியுங்கள்.

புதன். ஒஸ்லோ, கராஜ் மெக்கானிக்

எல்லோரும் சொல்லிலேயே நிற்கிறீர்கள். வேலை செய்கிறவன் கையில் ஸ்பானரோடு இந்தக் கையேட்டை எட்டிப் பார்க்கப் போகிறான். அவனுக்கு விளங்காத சொல் ஆபத்து. எங்கே எங்கே ஆபத்து என்று சொல்லிவிடுகிறேன், பிறகு பெயர் வையுங்கள்.

முதலில் பற்றறியின் மைனஸைக் கழற்ற வேண்டும். சீற்றின் கீழே மஞ்சள் இணைப்பி இருந்தால் அது காற்றுப்பைக்கோ பெல்ற்றை இறுக்கும் கருவிக்கோ போகிற வயர். மைனஸைக் கழற்றிச் சில நிமிடம் பொறுத்த பிறகுதான் அதைத் தொடலாம். பயணி சீற்றின் ஸ்பொஞ்சுக்குள் ஆள் இருப்பதை அறியும் உணரி இருந்தால் அந்த சீற்றில் விரிப்பு போடவே வேண்டாம். 2000களின் நடுப்பகுதியில் இருந்து வட அமெரிக்கக் கார்களில் அது வரத் தொடங்கியது. 2004 கார் என்றால் கழற்ற முன்னர் அந்தக் காரின் சேவைக் கையேட்டைப் பார்ப்பதே ஒழுங்கு.

நாலு போல்ட்டையும் கழற்றி சீற்றை வெளியே எடுத்து, உறையைக் கம்பியோடு பிணைத்திருக்கும் கொக்கி வளையங்களை வெட்ட வேண்டும். திரும்பப் பூட்டப் புது வளையம் வாங்கி வைத்திருங்கள். கேபிள் டை போட்டாலும் நிற்கும், ஆனால் முனையை ஒட்ட நறுக்காவிட்டால் துணியைக் குத்தும்.

பிழை நடக்கிற இடம் இது: உறையை உள்ளே இழுத்துக் கட்டும் பள்ளம் ஸ்பொஞ்சின் குறுக்கே ஓடும். விரிப்பு அதற்கு மேலால் போனால் உறையைக் கட்டும்போது மடிந்துவிடும். மடிந்த இடத்தில் சூடு போக வழியில்லாமல் ஒரே புள்ளியில் ஏறி ஸ்பொஞ்சு கருகும். ஆகவே பள்ளத்தின் அடியால் நுழைத்துத் தட்டையாக விரித்து, பின்புறப் பசையை ஒட்ட வேண்டும். நீளம் கூடினால், கார்பன் விரிப்பைத் தயாரிப்பாளர் குறித்த இடத்தில் மட்டும் வெட்டலாம். கம்பி விரிப்பை வெட்டவே கூடாது, அறுந்தால் முழு விரிப்பும் சாகும். உறை போடும் முன் மல்டிமீட்டரால் தடை பாருங்கள்: 12 வோல்ட்டில் 4.5 ஆம்பியர் என்றால் சீற்றுக்கு ஏறத்தாழ 2.7 ஓம் காட்ட வேண்டும். உறை போட்ட பிறகு இன்னொரு முறை. இரண்டாவது தரம் முடிவிலி காட்டினால் எங்கோ கொக்கி குத்திவிட்டது.

இவ்வளவும் படிக்கிறவனுக்குத் தடவு எதற்கு? "சூடேறும் சீற்" போதும்.

புதன். மதுரை, தமிழாசிரியர்

ஒஸ்லோ தம்பி, விளக்கம் தெளிவு. ஆனால் சூடேறும் என்பதை ஏற்றாலும் சீற் எதற்கு? அதிலும் நீங்கள் சீற், தமிழ்நாட்டார் சீட். கடன் வாங்கினால் இரண்டு எழுத்து, இரண்டு தேடல். இருக்கை இரு கரைக்கும் பொது. தூய்மைக்காகச் சொல்லவில்லை, ஒருமைக்காகச் சொல்கிறேன்.

புதன். யாழ்ப்பாணம், பௌதிகவியல் ஆசிரியை

ஐயா சொல்வது நியாயம். பௌதிகவியல் பக்கம் பார்த்தாலும் "சூடேறும்" நல்லது, அது வெப்பநிலை உயர்வதைச் சொல்கிறது. "வெப்ப இருக்கை" என்று சிலர் எழுதுவார்கள், அதில் வினையே இல்லை.

பாதுகாப்புப் பக்கத்தில் ஒன்று சேருங்கள். தோல் 44 பாகை செல்சியசிலும் பல மணி நேரம் தொட்டுக்கொண்டிருந்தால் புண்ணாகும். நீரிழிவால் உணர்ச்சி குறைந்தவர்களுக்கும் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களுக்கும் சுடுவது தெரியாது. எங்கள் சமூகத்தில் நீரிழிவு எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை. "கதகதப்பு", "இதம்" என்று பெயரிலேயே வைத்தால் அது தீங்கில்லாதது என்ற எண்ணம் வரும். சூடு என்ற சொல் பெயரில் இருக்கட்டும்.

வியாழன். ரொறன்ரோ, மொழிபெயர்ப்பாளர்

இருக்கை ஓரளவு தீர்ந்தது என்று எடுத்துக்கொள்கிறேன். உள்ளே இருப்பது சூடேற்று விரிப்பு, முழுவதும் சூடேறும் இருக்கை. கண்ணாடிக்கு வருவோமா? "சூடேறும் கண்ணாடி" என்றால் ஜன்னல் கண்ணாடியோ மூக்குக் கண்ணாடியோ என்று குழம்பாதா?

வியாழன். சென்னை, அகராதிப் பணியாளர்

ஆடி இருக்கிறதே. குவியாடி, குழியாடி என்று பள்ளியில் படித்தோம், இலங்கையில் குவிவாடி, குழிவாடி. "பக்க ஆடி" என்றால் ஜன்னலோடு குழம்பாது. வட அமெரிக்காவில் ஓட்டுநர் பக்கம் சமதள ஆடி, பயணி பக்கம் குவியாடி. சூடேறும் ஆடியை மாற்றாக வாங்கும்போது இந்த வளைவு பார்த்து வாங்க வேண்டும். ஐரோப்பிய வண்டிக்கான குவியாடியை ஓட்டுநர் பக்கம் மாட்டினால் பின்னால் வரும் லாரி உண்மையைவிடத் தள்ளித் தெரியும். ஆடி என்ற சொல் இருந்தால்தான் இந்தப் பத்தியையே எழுத முடியும்.

வியாழன். ஒஸ்லோ, கராஜ் மெக்கானிக்

குவியாடி பத்திக்கு ஆடி சரி. தலைப்பில் பக்கக் கண்ணாடி என்றே இருக்கட்டும், ஆடி என்றால் மாதம்தான் முதலில் வரும்.

வேலை விபரம்: கண்ணாடியை உள்பக்கமாகச் சாய்த்து, வெளி விளிம்பில் பிளாஸ்ரிக் ஆப்பு நுழைத்துக் கிளிப்பைக் கழற்ற வேண்டும். குளிரில் கிளிப் நொறுங்கும், முதலில் தலைமுடி உலர்த்தியால் சூடு காட்டுங்கள். சூடேறும் கண்ணாடியின் முதுகில் இரண்டு முனை இருக்கும். இது வெறும் தடைதான், எந்த வயர் எதில் போனாலும் ஒன்றே. ஒரு கண்ணாடி 10 முதல் 20 வாட், 12 வோல்ட்டில் 2 ஆம்பியரைத் தாண்டாது. பின் கண்ணாடிப் பனிநீக்கியின் ரிலே வெளியீட்டில் இருந்து மின்சாரம் எடுத்தால், அதில் நேரக் கணிப்பி இருக்கிற கார்களில் தானாகவே நிற்கும். அந்த உருகி இந்தக் கூடுதலைத் தாங்குமா என்று மட்டும் பாருங்கள்.

வயர் அறுகிற இடம் கதவு பிணைச்சல். கதவுக்கும் தூணுக்கும் நடுவே உள்ள ரப்பர் குழலுக்குள்ளால், மெல்லிழை நிறைந்த நெகிழ்வான வயரைத் தளர்வாக விட்டு இழுக்க வேண்டும். வெளியால் விட்டால் கதவு நசுக்கும். இறுக்கமாக விட்டால் திறந்து மூடி அறும்.

வியாழன் இரவு. கோவை, வாகன மின்பணிப் பயிற்றுநர்

பனிநீக்கி என்றீர்களே, அதையும் கவனிக்கணும். எங்கள் ஊரில் பனி என்றால் விடியற்காலைப் பனித்துளியும் மூடுபனியும். ஆடியில் படிவது இரண்டு: ஈரக் காற்றால் படியும் ஆவி போன்ற நீர்த்திரை, குளிரில் உறைந்த பனி. முன்னது ஓரிரு நிமிடத்தில் போகும், பின்னது நேரம் எடுக்கும். கனமாகப் படிந்த வெண்பனியை இந்த 15 வாட் உருக்காது, துடைத்துவிட்டுத்தான் போடணும். "உறைபனி நீக்கி" என்றால் துல்லியம்.

மூன்றாவது சொல்லுக்கு: எங்கள் கடைகளில் "எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்". தமிழில் "பின்பொருத்தம்" வைக்கலாமே?

வெள்ளி காலை. மதுரை, தமிழாசிரியர்

பொருத்தம் என்றதும் பத்துப் பொருத்தம் நினைவுக்கு வரும். அது விளைவு, வேலையன்று. தொழிற்பெயர் வேண்டுமென்றால் பின்பொருத்தல். சுவடிகளில் பிற்காலத்தவர் நுழைத்த பாடலை இடைச்செருகல் என்போம். செயல் இதற்கு மிக நெருக்கம். ஆனால் அச்சொல்லில் குற்றச்சாட்டு இருக்கிறது. பிற்சேர்க்கை நூலின் கடைசிப் பக்கங்களுக்குப் போய்விட்டது.

வெள்ளி காலை. யாழ்ப்பாணம், பௌதிகவியல் ஆசிரியை

நாங்கள் கழற்றிப் பூட்டுவது என்றுதான் சொல்வோம். "பின்பூட்டு" சின்னதாக, வாயில் வருகிற சொல்.

வெள்ளி காலை. கோவை, வாகன மின்பணிப் பயிற்றுநர்

அம்மா, தமிழ்நாட்டில் பின்பூட்டு என்றால் டிக்கிப் பூட்டு ஆகிவிடும்.

வெள்ளி மாலை. ரொறன்ரோ, மொழிபெயர்ப்பாளர்

அச்சகம் ஆறு மணிக்குக் கோப்பு கேட்கிறது. எண்ணிப் பார்த்ததில் நான்கு பேர் "சூடேறும் இருக்கை" பக்கம், மதுரை ஐயா இன்னும் குளிர்காய் இருக்கை பக்கம். கண்ணாடி: தலைப்பில் "சூடேறும் பக்கக் கண்ணாடி", வளைவு பற்றிய பத்தியில் ஆடி. பனிநீக்கியை எல்லா இடத்திலும் "உறைபனி நீக்கி" என்று மாற்றினேன். தலைப்புச் சொல் "பின்பொருத்தல்", படிகளுக்குள் "பூட்டுங்கள்", "கழற்றுங்கள்". ரிலே ரிலேயாகவே நிற்கிறது. நீரிழிவு எச்சரிக்கை முதல் பக்கத்துக்குப் போயிருக்கிறது.

வெள்ளி இரவு. மதுரை, தமிழாசிரியர்

அச்சுக்குப் போகட்டும். என் மறுப்பு மடலில் பதிவாக இருக்கட்டும்: சூடேறும் என்பது இருக்கையைச் சொல்கிறது, அமர்ந்திருப்பவரைச் சொல்லவில்லை. குளிர்காய் இருக்கை இரண்டையும் சொல்லும். அடுத்த பதிப்பு வரும்போது மறுபடி எழுதுவேன்.

வெள்ளி இரவு. ஒஸ்லோ, கராஜ் மெக்கானிக்

கோப்பு போய்விட்டதா? ஒன்பதாம் பக்கத்தில் உருகியை ரிலேக்குப் பிறகு வரைந்திருக்கிறீர்கள். பற்றறிக்கும் ரிலேக்கும் நடுவே, பற்றறிக்குப் பக்கத்தில் வரவேண்டும். பற்றறியில் இருந்து ரிலே வரைக்கும் வயர் எங்காவது உரசிக் காரின் உலோக உடம்பைத் தொட்டால் இப்போது இருக்கிற படத்தில் அதைத் தடுக்க ஒன்றும் இல்லை. உடனே அச்சகத்துக்கு அடியுங்கள்.