சமூக மன்ற வானியல் வகுப்பு: புளூட்டோவைக் கோள் என்று சொல்லிக் கொடுக்கலாமா?

கயல்_பொங்கோல்:
பள்ளி விடுமுறையில் எங்கள் சமூக மன்றத்தில் பிள்ளைகளுக்கு வானியல் வகுப்பு நடத்துகிறோம். பதாகையில் எட்டுக் கோள்கள் போதும் என்கிறார் ஒரு தொண்டூழியர். புளூட்டோவையும் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி. 2006 ஆகஸ்ட்டில் பிராக் நகரில் அனைத்துலக வானியல் ஒன்றியம் கூடியபோது, கடைசி நாளில் 424 பேர் வாக்களித்து அதை நீக்கினார்கள். அட்டையைத் தூக்கித் தீர்மானிக்கிற விஷயமா இது?

ஜூரோங்வாசி:
வாக்கெடுப்பை விடுங்கள், காரணத்தைப் பாருங்கள். 2005இல், நெப்டியூனுக்கு அப்பால் சூரியனைச் சுற்றும் ஏரிஸ் என்ற பனிப்பொருள் பற்றிய அறிவிப்பு வந்தது. அளவில் புளூட்டோவைவிடக் கொஞ்சம் சிறியது, நிறையோ சுமார் 27 சதவீதம் கூடுதல். புளூட்டோ கோள் என்றால் ஏரிஸை எப்படி விடுவது? செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில் சுற்றும் சீரிஸுக்கும் இதுதான் நடந்தது. 1801இல் வானியலாளர் பியாஸி கண்டுபிடித்தபோது அது கோள். பல்லாஸ், ஜூனோ, வெஸ்டா என்று அதே வட்டாரத்தில் அடுத்தடுத்துக் கிடைக்கவே, அந்த நூற்றாண்டின் நடுவில் எல்லாவற்றையும் சிறுகோள்களாக்கினார்கள்.

கயல்_பொங்கோல்:
பட்டியல் நீண்டால் நீளட்டுமே. வியாழனுக்கு 90க்கு மேல் நிலவுகள், யாராவது குறைக்கச் சொன்னார்களா? 2015 ஜூலையில் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் எடுத்த படங்களில் புளூட்டோவின் ஸ்புட்னிக் சமவெளியைப் பாருங்கள். நைட்ரஜன் பனி பெரிய பெரிய பலகோணத் துண்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது. துண்டின் நடுவில் அடிப்பனி மெல்ல மேலே வருகிறது, ஓரத்தில் மறுபடி கீழே இறங்குகிறது. மோதல் குழி ஒன்றுகூடத் தென்படவில்லை, தரை அவ்வளவு புதிது. பக்கத்திலேயே தண்ணீர்ப் பனிக்கட்டியால் ஆன மலைகள். இத்தனை உயிர்ப்புள்ள உருண்டை கோள் இல்லையா? கோள் என்றால் தன் சுற்றுப்பாதையில் மற்ற பொருள்கள் இல்லாமல் துப்புரவாக்கியிருக்க வேண்டும் என்ற ஒன்றியத்தின் 2006 விதியும் சரியில்லை. வியாழனின் பாதையிலேயே ஆயிரக்கணக்கில் டிரோஜன் சிறுகோள்கள் ஓடுகின்றன.

ஜூரோங்வாசி:
நல்ல உதாரணம், ஆனால் அது எனக்குத்தான் சாதகம். டிரோஜன்கள் வியாழனுக்கு 60 பாகை முன்னும் பின்னும் ஓடுவது வியாழனின் ஈர்ப்பினால்தான். புளூட்டோவின் நிலைமை நேர்மாறு. நெப்டியூன் மூன்று முறை சூரியனைச் சுற்றும் காலத்தில் புளூட்டோ இரண்டு முறை சுற்றுகிறது. நெப்டியூனின் பாதைக்கு உள்ளே வந்தும் அதை நெருங்காமல் தப்புவது இந்தக் கணக்கினால்தான். அதே கணக்கில் ஓடும் பனிப்பொருள்கள் அங்கே இன்னும் நிறைய. தன் வட்டாரத்தை ஆள்வதுதான் கோள். புளூட்டோ நெப்டியூனின் ஆட்சியில் இருக்கிறது.

மாறன்_தெம்பனீஸ்:
நான் ஜூரோங்வாசி பக்கம். உயிர்ப்புதான் அளவுகோல் என்றால், எரிமலைகள் பொங்கும் ஐயோவையும் கோள் என்பீர்களா, கயல்? அது வியாழனின் நிலவாயிற்றே.

கயல்_பொங்கோல்:
ஆமாம், தாராளமாகச் சொல்வேன். கோள்களின் நிலவியலை ஆராய்பவர்களில் சிலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஒரு பொருள் எங்கே சுற்றுகிறது என்பதைவிட அது எப்படிப்பட்டது என்பதுதான் எனக்கு முக்கியம். பூமியையே புளூட்டோ இருக்கும் தூரத்தில் கொண்டுபோய் வைத்தால், அவ்வளவு பெரிய பாதையை அதனாலும் துப்புரவாக்க முடியாது என்று சிலர் சொல்கிறார்கள். அப்போது பூமி கோள் இல்லை என்று ஆகிவிடுமா? இதற்கு யாராவது நேராகப் பதில் சொல்லுங்கள், பதாகையை மாற்றுகிறேன்.