செக் என்ஜின் விளக்கு மினுக்குகிறது, எரர் கோடு பி0302. ஈசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) மாற்றச் சொல்கிறார்கள்

மலைப்பாதை:
வணக்கம். 2015 மாடல் பெட்ரோல் வண்டி, நாலு சிலிண்டர், 82,000 கி.மீ. ஓடியிருக்கிறது. போன வாரம் வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும்போது எவ்வளவு மிதித்தாலும் இழுக்காமல் திக்கித் திக்கிப் போனது, செக் என்ஜின் விளக்கும் மினுக்கியது. கீழே இறங்கியதும் மினுக்கல் நின்று இப்போது விளக்கு சும்மா எரிகிறது, ஆனால் ஏசி போட்டு சிக்னலில் நின்றால் ஸ்டீயரிங் வரை உதறல். ப்ளூடூத் ஸ்கேனரில் பி0302. பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் நாலு ஸ்பார்க் பிளக்கும் மாற்றினார்கள், இரண்டே நாளில் பழைய குருடி கதவைத் திறடி. ஈசியூ போய்விட்டது, முப்பதாயிரம் ஆகும் என்கிறார்கள். நம்பலாமா?

சும்மாஓட்டி:
பேட்டரி டெர்மினலைப் பத்து நிமிடம் கழற்றி மாட்டுங்க ப்ரோ, போயிடும்.

கறைபடிந்தகை:
விளக்குதான் போகும், கோளாறு போகாது. எரர் கோடு பதிவானபோது ஆர்பிஎம் என்ன, லோடு என்ன என்று ஈசியூ எடுத்து வைத்திருக்கும் ஃப்ரீஸ் ஃப்ரேமும் சேர்ந்து அழியும். அதை முதலில் எழுதி வையுங்கள்.

பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் சரியாக எரியவில்லை, அவ்வளவுதான். எந்தப் பொருள் கெட்டது என்று அது சொல்லாது. நாலு பிளக்கும் புதுசு என்றால் எனக்குச் சந்தேகம் பிளக்குக்கு வோல்டேஜ் கொடுக்கும் இக்னிஷன் காயில் மேல். ஏற்றத்தில் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், அப்போது பிளக் இடைவெளியைத் தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும், சோர்ந்த காயில் அங்கேதான் கைவிரிக்கும். காசில்லாத சோதனை ஒன்று: என்ஜின் ஆறியபின் இரண்டாவது காயிலையும் மூன்றாவதையும் இடம் மாற்றிப் போட்டு, எரர் கோடை ஸ்கேனரில் அழித்துவிட்டு ஓட்டுங்கள். பி0303, அதாவது மூன்றாவதில் மிஸ்ஃபயர், வந்தால் காயில்தான். பி0302-வே வந்தால் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டர், அப்புறம் கம்ப்ரெஷன் (சிலிண்டர் அழுத்தம்) பார்க்க வேண்டும். ஈசியூ எல்லாம் கடைசி.

இன்னொன்று, விளக்கு மினுக்கும்போது மிதிக்காதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் எரியும். அது உருகினால் முப்பதாயிரம் போதாது.

நாலுகட்டை:
பிளக்குக்கு ஒரு காயில் இருந்தால்தான் இந்த வித்தை பலிக்கும். பழைய வண்டி சிலவற்றில் 1-4க்கு ஒன்று, 2-3க்கு ஒன்று என்று ஜோடியாக வரும், அதில் வயரைத்தான் மாற்றிப் பார்க்க வேண்டும். ஒன்றாம் சிலிண்டர் எந்தப் பக்கம் என்பதையும் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் செயின் அல்லது பெல்ட் இருக்கும் பக்கம்.

மலைப்பாதை:
தனித்தனிக் காயில்தான். இன்று காலை மாற்றிப் போட்டு பழனி ரோட்டில் ஒரு ஓட்டு ஓட்டினேன், பி0303! அந்தக் காயிலைத் திரும்பக் கழற்றினால் உள்ளே ஸ்பிரிங் துருப்பிடித்திருக்கிறது, பிளக்கின் மேல் உட்காரும் ரப்பர் உறையின் (பூட்) உள்பக்கம் பென்சிலால் கீறியது போல ஒரு கருப்புக் கோடு. பிளக் மாற்றியவர் இதைக் கையில் பிடித்துத்தானே திரும்ப மாட்டியிருப்பார் என்று நினைத்தால்தான் வயிறு எரிகிறது. ஒன்று சொல்ல மறந்துவிட்டேன், மலைக்குப் போவதற்கு முந்தின வாரம் வாட்டர் சர்வீஸ் விட்டிருந்தேன், பானட்டைத் திறந்து பிரஷரில் அடித்தார்கள்.

கறைபடிந்தகை:
இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும் சார். பிளக் குழிக்குள் தண்ணீர் நின்றிருக்கும். பிளக்கை எடுக்கும் முன் குழியைக் காற்றடித்துக் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் அத்தனையும் சிலிண்டருக்குள் இறங்கும். காயில் மட்டும் மாற்றிவிட்டு நிற்காதீர்கள், அது உட்கார்ந்திருந்த இரண்டு பிளக்கின் பீங்கானிலும் அதே கருப்புக் கோடு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் புதுக் காயிலின் ரப்பர் உறையிலும் தீப்பொறி அந்த வழியிலேயே ஓடும்.

மலைப்பாதை:
டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டாவதில் கருப்புக் கோடு இருக்கிறது, நாலு நாள் ஆன பிளக்! மூன்றாவது சுத்தம். ஒரு காயில், ஒரு பிளக் வாங்கப் போகிறேன்.