டிஎம்1 நோயில் சிடிஜி எண்ணிக்கை: ஆய்வகத்தில் எதிர்கொண்டவை

செல்வி:
மயோடோனிக் டிஸ்ட்ரோபி வகை 1 (டிஎம்1, இறுகிய தசை எளிதில் தளராத பரம்பரைத் தசை நோய்) சந்தேகத்தில் வரும் ரத்த மாதிரிகளில் அடிக்கடி காண்பது, சாதாரண பிசிஆரில் (டிஎன்ஏ துண்டை நகலெடுத்துப் பெருக்கும் முறை) ஒரே ஒரு பீக், அதாவது ஒரே நீளத்தில் துண்டு. 19ஆம் குரோமோசோமில் உள்ள டிஎம்பிகே ஜீனில் சிடிஜி என்ற மூன்றெழுத்து டிஎன்ஏ வரிசை (ரிப்பீட்) அடுத்தடுத்து 5 முதல் 34 முறை வந்தால் இயல்பு. 50க்கு மேல் போனால் நோய். ஒரே பீக் என்றால் இரண்டு பிரதியும் ஒரே நீளமாக இருக்கலாம், அல்லது ஒன்று மிக நீண்டு பிசிஆரில் வராமலே போயிருக்கலாம். இதை வைத்து ‘நெகட்டிவ்’ என்று ரிப்போர்ட் எழுதவே கூடாது, அடுத்து டிபி-பிசிஆர் (நகலெடுப்பைத் தொடங்கும் சிறு டிஎன்ஏ துண்டான பிரைமர்கள் மூன்றை வைத்து, ரிப்பீட்டுக்குள்ளிருந்தும் நகலெடுக்கும் பிசிஆர்) போட வேண்டும். ரிப்பீட்டுக்குள் ஒட்டும் பிரைமரை, அந்தப் பிரைமரின் வாலில் ஒட்டும் இன்னொரு பிரைமரில் பத்தில் ஒரு பங்கு மட்டும் சேருங்கள். முதல் சில சுற்றிலேயே அது தீர்ந்துவிட வேண்டும். மிஞ்சினால் ஒவ்வொரு சுற்றிலும் நகல் குட்டையாகிக்கொண்டே போகும். 3 பேஸ் இடைவெளியில் படிக்கட்டாக இறங்கும் பீக்குகள் தெரிந்தால் நீட்சி உண்டு. எவ்வளவு நீளம் என்பதற்கு சதர்ன் பிளாட்தான் (டிஎன்ஏவை வெட்டி, ஜெல்லில் நீளவாரியாகப் பிரித்து, பேண்டாக, அதாவது பட்டையாகப் பார்க்கும் முறை).

இளங்கோ:
படிக்கட்டு வராததையும் அப்படியே நம்ப வேண்டாம். சில குடும்பங்களில் வரிசையின் பின்முனையில் சிசிஜி, சிஜிஜி குறுக்கிடும். அந்தப் பக்கமிருந்து மட்டும் டிபி-பிசிஆர் போட்டால் நோய் இருந்தும் நெகட்டிவ் வரும். இரண்டு பக்கமிருந்தும் போடுங்கள்.

சதர்னுக்கு 5–10 மைக்ரோகிராம் டிஎன்ஏ வேண்டும், உடையாத டிஎன்ஏ. வேகமாக பிப்பெட் அடித்தால் துண்டாகி, பேண்ட் மங்கிவிடும். ஈகோஆர்-1 (டிஎன்ஏவைக் குறிப்பிட்ட இடங்களில் வெட்டும் நொதி) வைத்து வெட்டினால் இயல்பான துண்டே 9 அல்லது 10 கேபி (1 கேபி என்பது ஆயிரம் பேஸ்). அந்த 1 கேபி வேறுபாடு பக்கத்தில் ஆலு என்ற டிஎன்ஏ வரிசை செருகியிருப்பதால் வருவது. புதிதாகப் பார்ப்பவர்கள் அதை நீட்சி என்று எடுத்துக்கொள்கிறார்கள். 100 ரிப்பீட் கூடினால் 0.3 கேபிதான், 10 கேபி துண்டில் அது பிரிந்து தெரியாது. அதற்கு இன்னும் சிறிய துண்டு தரும் பாம்எச்-1 நொதி வைத்து வெட்டுங்கள். பேண்ட் இழுவினால் ஜெல் கெட்டதென்று தூக்கிப் போடாதீர்கள்: செல்லுக்குச் செல் நீளம் மாறுவதால் வரும் இழுவல் அது, வயது ஏற ஏற அகலும். ரத்தம் எடுத்தபோது வயது என்ன என்பதை ரிப்போர்ட்டில் கட்டாயம் எழுதுங்கள்.

மலர்விழி:
சிகிச்சை ஆய்வுக்கு ரத்தத்தில் பார்த்த ரிப்பீட் எண்ணிக்கை போதவே போதாது, தசையில் ரிப்பீட் பல மடங்கு நீளம். அங்கே சிடிஜியிலிருந்து நகலாகும் சியூஜி ஆர்என்ஏ, எம்பிஎன்எல்1 புரதத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதனால் குளோரைடு சேனலுக்கான ஜீனான சிஎல்சிஎன்1-இன் ஆர்என்ஏவை வெட்டி ஒட்டும் ஸ்பிளைசிங் தவறி, குளோரைடு சேனல் குறைந்து, இறுக்கிய கை விரியாமல் நிற்கிறது. 250 சிடிஜி வைத்த எலியில் அந்த ஆர்என்ஏவில் ஒட்டிச் செயல்படும் ஆன்டிசென்ஸ் மருந்து நன்றாகவே வேலை செய்தது. மனிதச் சோதனையில் தசைக்குப் போதிய அளவு போய்ச் சேரவில்லை. அயோனிஸ் நிறுவனம் அதை 2017இல் நிறுத்தியது. இப்போது செல்லின் மேலுள்ள டிரான்ஸ்ஃபெரின் ரிசெப்டரைப் பிடிக்கும் ஆன்டிபாடியோடு மருந்தை இணைத்து அனுப்புகிறார்கள். கை விரியும் நேரத்தை அளக்கும்போது முதல் பிடியையும் அடுத்தடுத்த பிடிகளையும் கலக்கக் கூடாது. திரும்பத் திரும்பப் பிடிக்கும்போது இறுக்கம் தானாகவே தளரும், அதை மருந்தின் பலன் என்று எண்ணிவிடுவோம்.

செல்வி:
சிடிஜி வைத்த பிளாஸ்மிட் (பாக்டீரியாவில் பெருக்கும் வட்ட டிஎன்ஏ) வளர்ப்பவர்களுக்கு ஒன்று. ஈ.கோலையில் ரிப்பீட் சுருங்கும். 37 வேண்டாம், 30 டிகிரியில் வளருங்கள். ஒவ்வொரு முறை பிரெப் எடுத்த (பிளாஸ்மிட்டைப் பிரித்தெடுத்த) பிறகும் வெட்டி நீளத்தைப் பாருங்கள்.