மூடப்பட்ட உதிரிப்பாகக் கடையும் உறுமுகிற 4440 ஆம்ப்ளிஃபயரும்

காவிரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் 1990களில் தம் கையாலேயே கோத்து முடித்த, 4440 என்ற ஐசி கொண்ட ஆம்ப்ளிஃபயர் ஒன்று எங்கள் வீட்டில் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. சில வாரங்களாகப் பாட்டுக்குப் பின்னால் ஓர் உறுமல் கேட்கிறது. வால்யூமை முழுவதும் குறைத்தாலும் அது குறைவதில்லை. மூடியைக் கழற்றிப் பார்த்தபோது, பவர் சப்ளையில் உள்ள 4700 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கண்டன்சரின் தலை சற்று உப்பியிருப்பது தெரிந்தது. புதியது வாங்கலாம் என்று கும்பகோணத்தில் நான் வழக்கமாகச் செல்லும் கடைக்குப் போனால், ஷட்டர் இறங்கியிருந்தது. தை மாதத்தோடு கடையைக் காலி செய்துவிட்டார்கள் என்றும், மொபைல் கவர் விற்பவர் ஒருவர் அந்த இடத்துக்கு முன்பணம் கொடுத்திருக்கிறார் என்றும் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் சொன்னார்.

அந்தக் கடையின் சுவர் முழுவதும் சிறு சிறு தகர இழுப்பறைகள் இருக்கும். ஒவ்வொன்றின் முகப்பிலும் உள்ளே இருக்கும் பொருளில் ஒன்றை நூலால் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். பெயர் தெரியாதவர்கள் விரலால் சுட்டிக்காட்டி வாங்கிக்கொள்ளலாம். பாலிடெக்னிக்கில் படித்த காலத்தில், மதிப்பைக் காட்டும் வண்ண வளையங்கள் எல்லாம் கருகிப்போன ரெசிஸ்டர் ஒன்றை அங்கே கொண்டுபோனேன். கல்லாவில் இருந்த பெரியவர் அதைக் கையில்கூட வாங்காமல், "எந்த இடத்தில் இருந்தது?" என்று கேட்டார். 24 வோல்ட் வரும் வழியில், 12 வோல்ட் ஜீனர் டையோடுக்கு முன்னால் இருந்தது என்றேன். "470 ஓம் போடு. ஆனால் அரை வாட் வேண்டாம், மறுபடியும் கருகும், ஒரு வாட் எடுத்துக்கொள்" என்று சொல்லிக் கத்தரியால் இரண்டை நறுக்கிக் கொடுத்தார். அந்தச் சர்க்யூட் இன்றும் வேலை செய்கிறது.

இணையத்தில் தேடினேன். கண்டன்சரின் விலை இருபது ரூபாய், அனுப்பும் செலவு அதைப் போல மூன்று மடங்கு. இத்தகைய பாகங்களை நீங்கள் இப்போது எப்படி வாங்குகிறீர்கள்? இணைய விற்பனைதான் இந்தக் கடைகளை வீழ்த்தியதா, வேறு காரணம் உண்டா? மற்ற ஊர்களின் நிலையையும் அறிய விரும்புகிறேன்.

பழைய கல்லாப்பெட்டி எழுதியது:

ஐயா, திருநெல்வேலியில் இதே தொழிலை 22 ஆண்டுகள் நடத்தி 2019இல் மூடியவன் நான். முதலில் உங்கள் உறுமலைப் பார்த்துவிடுவோம். தலை உப்பியிருந்தால் அந்தக் கண்டன்சரை மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது டையோடுகளையும் மீட்டர் வைத்துப் பாருங்கள். 12-0-12 டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கும் இரண்டு டையோடில் ஒன்று போனாலும் பெட்டி பாடிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் உறுமும்.

இனி கடைக் கணக்கு. நீங்கள் வாங்கிய ரெசிஸ்டரும் கண்டன்சரும் எங்களுக்குச் சோறு போட்டதே இல்லை. சோறு போட்டது பிக்சர் டியூப் டிவி. ஊரில் இருந்த மெக்கானிக்குகள் காலையில் வந்து, ஈ.எச்.டி. (பிக்சர் டியூப்புக்கு உயர் மின்னழுத்தம் தரும் டிரான்ஸ்ஃபார்மர்) ஒன்று, ஹரிசான்டல் அவுட்புட்டுக்கு 1555 டிரான்சிஸ்டர் இரண்டு, ரிமோட் ஒன்று என்று நோட்டில் எழுதிவைத்துவிட்டு எடுத்துச் செல்வார்கள். மாதக் கடைசியில் கணக்குத் தீர்ப்பார்கள். தமிழக அரசு 2006 முதல் வீடுவீடாக இலவச வண்ணத் தொலைக்காட்சி வழங்கியது நினைவிருக்கும். ஒரு கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குலப் பெட்டிகள் அவை. உத்தரவாதக் காலம் முடிந்து, இடியிலும் ஏறி இறங்கும் மின்சாரத்திலும் அடிபட்டு அவை மெக்கானிக்குகளின் மேசைக்கு வரத் தொடங்கிய சில ஆண்டுகள்தான் எங்களுக்கு அறுவடைக் காலம். அந்த வருமானத்தில்தான் ரூபாய்க்கு நான்கு ரெசிஸ்டர் கேட்டு வரும் மாணவருக்காகவும் ஓர் ஆளை நிறுத்திவைக்க முடிந்தது.

தட்டைத் திரை வந்ததும் ஈ.எச்.டி.க்கு வேலையே இல்லாமல் போயிற்று. அந்தப் பொருளின் சிக்கல் வெளியில் பலருக்குத் தெரியாது. ஒவ்வொரு மாடலுக்கும் கால்களின் அமைப்பு வேறு. ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது. ஆகவே நாற்பது ஐம்பது வகையை வாங்கி அடுக்கியிருந்தோம். கடையை மூடும்போது அவற்றைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குத்தான் போட்டேன். தராசுக்காரர் அது என்னவென்று கேட்டார். உள்ளே செம்புக் கம்பி இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

இணைய விற்பனை பிறகு வந்தது. எங்கள் வகைக் கடை அதற்கு முன்பே பாதி படுத்துவிட்டது.

ஈரோட்டு மேசை எழுதியது:

கடைக்காரர் சொல்வது உண்மைதான். ஆனால் டிவி போனதால் கடை போயிற்று என்று அதோடு முடித்துவிடக் கூடாது. டிவிக்குப் பிறகு வீட்டுக்குள் வந்த பொருள்கள் எத்தனை! வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர் ஏசி, இண்டக்ஷன் அடுப்பு என்று முன்பைவிட அதிகமான போர்டுகள் இன்று ஒரே வீட்டில் இருக்கின்றன. பாகம் மாற்றிப் பழுது பார்க்கும் வழி அடைக்கப்படாமல் இருந்திருந்தால் அவர் கடையில் கூட்டம் குறைந்திருக்காது என்பது என் துணிபு.

எடுத்துக்காட்டாக, சென்ற மாதம் என் மேசைக்கு வந்த ஒரு வாஷிங் மெஷினைச் சொல்கிறேன். ஸ்விட்ச் போட்டால் விளக்கே எரியவில்லை. சர்வீஸ் சென்டரில் போர்டு முழுவதையும் மாற்ற வேண்டும் என்று கூறி, மெஷின் விலையில் மூன்றில் ஒரு பங்கைக் கேட்டிருக்கிறார்கள். போர்டைக் கழற்றிப் பார்த்தால், ஒரு பிளாஸ்டிக் தட்டில் அதை வைத்து, மேலே பிசினை ஊற்றி உறையவைத்திருந்தார்கள். ஈரம் புகாமல் இருக்க அது தேவை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்குள்தான் ஏதோ ஒரு மூலையில் போன பாகம் இருக்கிறது. ஹாட் ஏர் கன்னால் இளக்கி, மரக்குச்சியால் நெல்லிக்கனி அளவு பிசினைத் தோண்டியெடுக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. தாமிரத் தடத்தில் உலோகம் பட்டால் கதை முடிந்தது என்பதால் ஸ்குரூ டிரைவரைக் கொண்டு செய்ய முடியாது. கடைசியில் போயிருந்தது வைப்பர் 22 என்ற எட்டுக் கால் ஐசியும், அதற்கு முன்னால் இருந்த ஃப்யூஸ் ரெசிஸ்டரும்தான். இரண்டும் சேர்ந்து ஐம்பது ரூபாயைத் தாண்டவில்லை. மேலே மறுபடி பூச்சுப் பூசிக் கொடுத்து, 600 ரூபாய் கேட்டேன். "ஐம்பது ரூபாய்ச் சாமானுக்கு அறுநூறா?" என்றார் வீட்டுக்காரர். போர்டுக்குச் சொன்ன தொகையை மறுபேச்சின்றிக் கொடுக்க அவர் தயாராகத்தான் இருந்தார்! சாமானுக்குக் கொடுக்கும் மனம் கைவேலைக்குக் கொடுக்க வருவதில்லை.

மின்விசிறியிலும் இதே கதைதான். பழைய சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றினால் 2.5 மைக்ரோஃபாரட் கண்டன்சர் ஒன்றை வாங்கிப் போட்டுவிடலாம். தெருமுனை எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும். இப்போதைய பி.எல்.டி.சி. ஃபேன் (போர்டு வைத்து மோட்டாரை ஓட்டும் வகை) மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறது; நானும் என் வீட்டில் மாட்டியிருக்கிறேன். ஆனால் அது நின்றால் அந்தந்த மாடலுக்கான போர்டு வேண்டும். அந்தப் போர்டை நெல்லைக்காரரைப் போன்றவர்கள் எதை நம்பி வாங்கி அடுக்குவார்கள்? அது மறுபடியும் ஈ.எச்.டி. கதையாகத்தான் முடியும்.

சட்டம் வரும் என்று நம்புவோர் உண்டு. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுநீக்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இதற்கென்று ஒரு நெறிமுறையையே நிறைவேற்றியது. இங்கே கம்பெனிகளைக் கட்டாயப்படுத்தும் தனிச்சட்டம் இன்னும் வரவில்லை. அந்தக் காலத்து வால்வு ரேடியோ சிலவற்றின் பின்மூடிக்குள்ளேயே சர்க்யூட் படத்தை ஒட்டி அனுப்பியிருப்பார்கள். எனக்கு அந்த ஒரு தாள் போதும்.

சிந்தாதிரிப்பேட்டைவாசி எழுதியது:

சென்னை நிலையைச் சொல்கிறேன். ரிச்சி தெரு மூடவில்லை, மாறிவிட்டது. ரேடியோப் பாகங்களுக்குப் பெயர்பெற்ற தெரு பிறகு கம்ப்யூட்டர் தெருவாயிற்று. இன்று முகப்பில் இருப்பவை பெரும்பாலும் மொபைல் சாமான், சிசிடிவி கேமரா, எல்இடி விளக்கு. ஆயினும் நரசிங்கபுரம் தெருப் பக்கமும் சந்துகளிலும் நுழைந்தால் இழுப்பறைக் கடைகள் இன்னும் இருக்கின்றன. வருவதானால் அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்தில் இறங்குங்கள், ஞாயிற்றுக்கிழமை வராதீர்கள். போன பாகத்தைக் கையோடு கொண்டு வாருங்கள், ஏனென்றால் கூட்ட நேரத்தில் விளக்கம் கேட்க அங்கே யாருக்கும் பொறுமை இல்லை.

போலிச் சரக்கைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். பெரிய கூட்டுக்குள் சிறிய கண்டன்சரை வைத்து அடைத்து விற்பவர்கள் உண்டு. ஒரே மதிப்புள்ள இரண்டைக் கையில் வைத்து எடை பாருங்கள், தக்கைபோல் இருப்பதை வாங்காதீர்கள். ஐசி, டிரான்சிஸ்டர் ஆகியவற்றின் முகத்தைச் சுரண்டிக் கறுப்புப் பூசி வேறு எண்ணை அச்சிட்டிருப்பார்கள். அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைத்தால் பஞ்சு கறுக்கும். உங்கள் ஆம்ப்ளிஃபயரில் இருப்பது சான்யோவின் பழைய எல்ஏ 4440 என்றால் அதை மாற்றத் தலைப்படாதீர்கள். அந்தச் செமிகண்டக்டர் பிரிவே 2011இல் ஆன் செமிகண்டக்டர் நிறுவனத்துக்குக் கைமாறிவிட்டது. இன்று சான்யோ முத்திரையோடு புதுமெருகில் கிடைப்பதை நான் நம்புவதில்லை. அதைவிட சிடி 4440 என்று தன் பெயரை ஒளிக்காமல் சொல்லும் சீனப் பிரதியே மேல்.

பிற நாடுகளிலும் இதே கதைதான். மின்னணுப் பாகங்கள் விற்ற பெரிய கடைத்தொடர்களில், அமெரிக்காவின் ரேடியோஷாக் 2015 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்தது. பிரிட்டனின் மேப்ளின் 2018இல் நொடித்தது. கலிஃபோர்னியாவின் ஃப்ரைஸ் 2021 பிப்ரவரியில் ஒரே நாளில் எல்லாக் கிளைகளையும் மூடியது. ரேடியோஷாக் வீழ்வதற்கு வெகு முன்பே பாகங்களை ஓரம்கட்டிவிட்டு செல்போன் விற்கும் கடையாக மாறியிருந்தது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். உங்கள் ஊர்க் கடையின் இடத்துக்கு மொபைல் கவர் வருகிறது என்று படித்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது.

சோதனைச்சாலை எழுதியது:

நான் பாலிடெக்னிக் ஒன்றில் மின்னணுவியல் கற்பிக்கிறேன். பழுதுநீக்கும் கலாசாரமே மறைந்துவிட்டது என்ற தொனியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரே, மூன்று முழ அகல மொபைல் கடையில், மைக்ரோஸ்கோப்பின் கீழே ஐசியைப் பெயர்த்தெடுத்து, அதன் வயிற்றில் இருக்கும் ஈய மணிகளை மறுபடி வரிசையாக வைத்து ஒட்டுகிற இளைஞர் ஒருவர் இருக்கிறார். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். அந்த வேலையை எங்கள் துறையில் செய்யத் தெரிந்தவர் எவரும் இல்லை, நான் உட்பட. அவருக்கு உதிரிப்பாகக் கடை எது தெரியுமா? மேசைக்கடியில் இருக்கும், செத்த போன்கள் நிறைந்த ஒரு பழைய பிஸ்கட் டின். ஒன்றின் பாகத்தை எடுத்து மற்றொன்றுக்குப் போடுகிறார்.

என் மாணவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. இறுதியாண்டு புராஜெக்ட்டை முடித்த நிலையிலேயே விலைக்கு வாங்கி வருகிறார்கள்; ஈயம் பற்றவைத்த மணம்கூட அறியாமல் பட்டயம் பெறுகிறார்கள்.

காவிரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பிஸ்கட் டின் யோசனையைப் பின்பற்றினேன். பரணில் கிடந்த ஓட்டை ஹோம் தியேட்டரின் போர்டில் 4700 மைக்ரோஃபாரட், 35 வோல்ட் கண்டன்சர் ஒன்று தலை உப்பாமல் இருந்தது. எதிர்முனைக் கோட்டை இருமுறை சரிபார்த்துவிட்டுப் பற்றவைத்தேன். பழையதைவிட உயரம் என்பதால் நிற்க இடமில்லை, படுக்கவைத்துக் கட்டியிருக்கிறேன். டையோடு இரண்டும் நன்றாக இருக்கின்றன. உறுமல் முற்றிலும் நின்றுவிட்டது.

ஆனால் உறுமல் நின்ற பிறகுதான் இன்னொன்று கேட்கிறது: வால்யூமைத் திருகும்போதெல்லாம் கரகரவென்று ஒலிக்கிறது. கண்ட்ரோலின் முதுகில் 100கே (ஒரு லட்சம் ஓம்) என்று இருக்கிறது, ஒரே ஷாஃப்ட்டில் இரண்டு சேர்ந்த இரட்டை வகை. இணையத்தில் தேடினால் படம் இருக்கிறது, விலை இருக்கிறது. ஷாஃப்ட்டின் நீளத்தை மட்டும் ஒருவரும் போடவில்லை.

பழைய கல்லாப்பெட்டி எழுதியது:

100கேக்குப் பக்கத்தில் ஏ என்று இருக்கிறதா, பி என்று இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். திருகத் திருக ஒலி ஏறும் விதத்தை அந்த எழுத்து குறிக்கும். ஏ இருக்க வேண்டிய இடத்தில் பி போட்டால், தொட்டவுடன் ஒலி தூக்கியடிக்கும். அதற்குப் பிறகு திருகுவதற்கு ஒன்றும் இருக்காது. எடைக்குப் போட்டபோது கண்ட்ரோல் டப்பா ஒன்றை மட்டும் மனைவி எடுத்து வைத்துவிட்டார். ஊசி நூல் போட்டுக்கொள்ள. அதில் இரட்டை 100கே இல்லை. இரட்டை 50கே ஏ மூன்று இருக்கிறது. உங்கள் போர்டுக்கு அது தாராளமாகப் போதும். ஷாஃப்ட் நீளமாகத்தான் இருக்கும், தேவையான அளவுக்கு ஹேக்ஸா பிளேடால் அறுத்துக்கொள்ளலாம். அறுக்கும்போது ஷாஃப்ட்டை வைஸில் பிடியுங்கள், உடம்பைப் பிடிக்காதீர்கள். முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்பினால் திங்கட்கிழமை தபாலில் போட்டுவிடுகிறேன்.