சிவப்பு விளக்கு சிமிட்டுகிறது, டிவி இயங்கவில்லை

கேள்வி: ஏழு ஆண்டு பழைய எங்கள் 32 அங்குல எல்.இ.டி. டிவியை இயக்கினால், சிவப்பு விளக்கு நான்கைந்து முறை சிமிட்டிவிட்டு அணைந்துவிடுகிறது. பின்மூடியைக் கழற்றிப் பார்த்தேன். பவர் சப்ளை போர்டில் பியூஸ் நன்றாகவே இருக்கிறது. எதை முதலில் சோதிக்க வேண்டும், ஐயா?

மறுமொழி: பியூஸ் போகவில்லை, விளக்கும் எரிகிறது என்பதால் 230 வோல்ட் உள்ளே வரும் பகுதி பெரும்பாலும் நலமாகவே இருக்கும். 12 வோல்ட் வெளிவரும் பக்கத்திலுள்ள கப்பாசிட்டர்களின் (மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் சிறு உருளைகள்) தலையைப் பாருங்கள்; தட்டையாக இல்லாமல் உப்பியிருந்தாலோ, அடியில் பழுப்பு நிறக் கசிவு தெரிந்தாலோ முதல் சந்தேகம் அதன்மேல்தான். சில கப்பாசிட்டர்கள் உப்பாமலேயே உள்ளுக்குள் காய்ந்துபோயிருக்கும். அப்போது வோல்ட் அளக்கும் மீட்டர் முதலில் 12 வோல்ட் காட்டி, டிவியை இயக்கிய கணத்தில் 8, 9 என்று சரியும்.

மற்றொரு மறுமொழி: தயவுசெய்து ஒன்றைக் கவனியுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் பெரிய கப்பாசிட்டரில் ஏறத்தாழ 325 வோல்ட் தங்கியிருக்கக்கூடும். ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்க அந்த மின்சாரத்தை இறக்காதீர்கள். பழைய 60 வாட் குண்டு பல்பின் இரு ஒயர்களையும், காப்பிட்ட முனையைப் பிடித்தபடி, கப்பாசிட்டரின் இரு கால்களில் சில நொடி வைத்து, மீட்டர் சுழியம் காட்டிய பிறகே கை வையுங்கள்.

கேட்டவர்: 1000 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் கப்பாசிட்டர்கள் இரண்டு உப்பியிருந்தன. அதே அளவில் 25 வோல்ட், 105 டிகிரி வெப்பம் தாங்கும் வகையை, எதிர்முனையைக் காட்டும் கோடு பக்கம் மாறாமல் பற்றவைத்தேன். இப்போது 12.1 வோல்ட் அசையாமல் நிற்கிறது, படமும் வந்துவிட்டது. இருவருக்கும் மிக்க நன்றி.