லண்டன் வாடகை வீட்டில் புகை அலாரமும் கார்பன் மோனாக்சைடு அலாரமும்: பொருத்த வேண்டியவர் யார்?

மாடிப்படி (கேள்வி):

வணக்கம். கிழக்கு லண்டனில், ஈஸ்ட் ஹாம் பகுதியில், இரண்டு தளங்கள் கொண்ட வரிசை வீடொன்றில் குடும்பத்துடன் வாடகைக்கு இருக்கிறோம். மாடிப்படி முடியும் இடத்தில் கூரையில் ஒரு புகை அலாரம் உள்ளது. அது சில நாட்களாக விட்டுவிட்டுக் கீச்சிடுகிறது. கீழ்த்தளத்தில் அலாரம் எதுவும் இல்லை. சமையலறைச் சுவரில் எரிவாயு பாய்லர் இருந்தும் கார்பன் மோனாக்சைடு அலாரம் பொருத்தப்படவில்லை. முகவரிடம் தொலைபேசியில் கேட்டபோது, பேட்டரி மாற்றுவது குடியிருப்பவரின் வேலை என்றும், கார்பன் மோனாக்சைடு அலாரம் விறகோ நிலக்கரியோ எரிக்கும் வீடுகளுக்கு மட்டுமே கட்டாயம் என்றும் சொன்னார். அவர் சொல்வது சரியா? வீட்டு உரிமையாளர் நம்மவர், நல்ல மனிதர். அவருடன் மனக்கசப்பு ஏற்படுவதை நான் விரும்பவில்லை. கீழ்த்தளத்தில் ஓர் அலாரம் வாங்கி நானே பொருத்திவிடலாமா? தாளிக்கும்போதும் வெள்ளிக்கிழமைகளில் சாம்பிராணி போடும்போதும் அது அலறிக்கொண்டே இருக்குமோ என்ற தயக்கமும் உண்டு.

நியூஹாம்வாசி:

கார்பன் மோனாக்சைடு பற்றி முகவர் சொன்னது 2022 செப்டம்பர் வரை சரியாக இருந்தது. இங்கிலாந்தில் வாடகை வீடுகளின் அலாரங்களுக்கான ஒழுங்குவிதிகள் 2015 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தன. அப்போது திட எரிபொருள் எரியும் அறைக்கு மட்டுமே அந்த அலாரம் கட்டாயமாக இருந்தது. 2022 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி, மக்கள் புழங்கும் எந்த அறையில் நிலையாகப் பொருத்தப்பட்ட எரிகருவி இருந்தாலும், அது எரிவாயு பாய்லராக இருந்தாலும், அந்த அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்க வேண்டும். எரிவாயு அடுப்புக்கு மட்டும் விலக்கு உண்டு. புகை அலாரம் வசிப்பறை உள்ள ஒவ்வொரு தளத்திலும் குறைந்தது ஒன்று இருக்க வேண்டும் என்பதால், உங்கள் கீழ்த்தளம் வெறுமையாக இருப்பதே தனியொரு விதிமீறல்.

பொருத்துவதும், வாடகைக் காலம் தொடங்கும் நாளில் ஒவ்வொன்றும் இயங்குகிறதா என்று சோதிப்பதும் உரிமையாளரின் பொறுப்பு. அதற்கான செலவை உங்களிடம் கேட்க முடியாது. பேட்டரி விஷயத்தில் முகவர் பாதி சரி. முதல் நாளுக்குப் பிறகு அவ்வப்போது அழுத்திச் சோதிப்பதையும் மாற்றக்கூடிய பேட்டரியை மாற்றுவதையும் குடியிருப்பவர் செய்துகொள்ளும்படியே அரசின் விளக்கக் குறிப்பு அறிவுறுத்துகிறது. ஆனால் பேட்டரி மாற்றியும் இயங்கவில்லை என்றாலோ, உங்களால் மாற்ற இயலவில்லை என்றாலோ நீங்கள் தெரிவிக்க வேண்டும். தெரிவித்த பின் பழுது உறுதியானால், சரிசெய்வதோ புதியது வைப்பதோ உரிமையாளரின் கடமை. அவர் அசையாவிட்டால் உள்ளூர் கவுன்சில் அறிவிப்பு அனுப்பும்; 28 நாட்களுக்குள் அதற்கு இணங்காதவருக்கு 5,000 பவுண்டு வரை அபராதம் விதிக்கப்படலாம்.

இவை இங்கிலாந்துக்கான விதிகள். ஸ்காட்லாந்தில் 2022 பிப்ரவரி முதல் அலாரங்கள் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும் என்பன போன்ற கடுமையான நிபந்தனைகள் உண்டு. கிளாஸ்கோ உறவினர் சொல்வதை அப்படியே இங்கே பொருத்திப் பார்க்காதீர்கள். உரிமையாளரின் சொந்த வீட்டிலேயே அவருடன் ஓர் அறையில் தங்குவோருக்கும் இவை பொருந்தா. நம்மவர்களில் பலர் அப்படித்தான் இருக்கிறார்கள் என்பதால் இதையும் சொல்லிவைக்கிறேன்.

கம்பிக்காரன்:

நான் மின்பணியாளர். தாளிப்புப் புகைக்கு அஞ்சி அலாரத்தின் மேல் பிளாஸ்டிக் பையைக் கட்டிவைத்திருக்கும் வீடுகளைப் பார்த்துச் சலித்துவிட்டேன். தவறு பெரும்பாலும் இடத்தில்தான் இருக்கிறது. கீழ்த்தள அலாரம் சமையலறைக்குள் வரக் கூடாது. படிக்கட்டு தொடங்கும் நடையின் கூரையில், சமையலறைக் கதவிலிருந்து முடிந்த அளவு தள்ளி வர வேண்டும். சமையலறைக்குள் வெப்பத்தை மட்டும் உணரும் அலாரம் கூடுதலாக வைக்கலாம். தாளிப்புக்கு அது அலறாது. ஆனால் விதி கேட்கும் புகை அலாரத்துக்கு அது ஈடாகாது. சாம்பிராணிப் புகை அடர்த்தியானது, எந்த நல்ல புகை அலாரமும் அதைக் கண்டுகொள்ளத்தான் செய்யும். அறைக்கதவை மூடி, சன்னலைத் திறந்துவைத்துப் போடுங்கள். அப்படியும் ஒலித்தால், சிறிது நேரம் ஒலியை நிறுத்தும் பொத்தான் பல அலாரங்களில் இருக்கிறது. அதற்காகக் கழற்றி மேசையில் வைக்க வேண்டாம்.

துளையிடுவதற்கு முன் உரிமையாளரின் ஒப்புதலை எழுத்தில் பெறுங்கள். மின் இணைப்புள்ள அலாரமாக இருந்தால் தொடவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடு அலாரத்துக்குத் துளை தேவையில்லை. பாய்லரிலிருந்து ஏறத்தாழ 1 முதல் 3 மீட்டர் தொலைவில், தலை உயரத்தில் உள்ள அலமாரித் தட்டிலேயே நிறுத்தலாம். பாய்லருக்கு நேர் மேலேயும் மூடிய அலமாரிக்குள்ளும் மட்டும் வைக்காதீர்கள். யார் பணம் கொடுப்பது என்ற பேச்சு முடியும்வரை காத்திருக்காமல் இதை நாளையே வாங்குங்கள். கார்பன் மோனாக்சைடு என்ற அந்த நச்சு வாயுவுக்கு மணமும் நிறமும் கிடையாது. வீட்டில் இருக்கும்போது தலைவலி, குமட்டல், மயக்கம் தோன்றி வெளியே போனால் தணிகிறது என்றால், பாய்லரை நிறுத்தி, சன்னல்களைத் திறந்துவிட்டு, அனைவரும் வெளியேறி, 0800 111 999 என்ற எரிவாயு அவசர எண்ணை அழையுங்கள்.

வாடகைக்கு விடுபவன்:

ஹாரோவில் ஒரு வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். மேலே சொல்லப்பட்ட சட்டம் சரிதான். ஆனால் அபராதத்தில் தொடங்கிக் கடிதம் எழுதாதீர்கள். முகவர் பழைய விதியைச் சொல்லி உங்களுக்கு மறுத்தது உரிமையாளரின் காதுக்கே எட்டாமல் இருக்கக்கூடும். இருவருக்கும் ஒரே மின்னஞ்சலில், எந்தத் தளத்தில் எது இல்லை, எது கீச்சிடுகிறது, என்றிலிருந்து என்பதைப் படங்களுடன் எழுதி, 2022 திருத்தத்தைச் சுட்டி, எப்போது ஆள் வரலாம் என்ற நாட்களையும் கொடுத்துவிடுங்கள். நம்மவர் என்பதற்காகத் தொலைபேசியில் பேசி முடிப்பதை நான் ஏற்கமாட்டேன். எழுத்தில் இருப்பது அவருக்கும் நல்லது; தீ விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இத்தகைய பதிவுகளைக் கேட்கக்கூடும்.

நீங்கள் வாங்கும் அலாரத்தின் ரசீதை அனுப்பிப் பணம் கேட்கலாம். உங்கள் முடிவாக வாடகையில் கழிக்காதீர்கள், அது வாடகை நிலுவையாகிவிடும். எரிவாயுக் கருவிகளை ஆண்டுதோறும் கேஸ் சேஃப் பதிவு பெற்ற பொறியாளர் சோதித்த சான்றிதழின் பிரதி உங்களிடம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இல்லையென்றால் அதே மின்னஞ்சலில் கேளுங்கள்.

மாடிப்படி:

மூவருக்கும் நன்றி. நாற்காலி போட்டு ஏறிப் பார்த்தேன். மாடி அலாரத்தின் விளிம்பில் 2011 என்று அச்சாகியிருக்கிறது. பேட்டரியைத் திறக்கும் மூடி எதுவும் தென்படவில்லை.

கம்பிக்காரன்:

அப்படியானால் பேட்டரிப் பேச்சுக்கே இடமில்லை. புகை அலாரத்தின் ஆயுள் பொதுவாக 10 ஆண்டுகள். உங்களுடையது உள்ளே அடைத்த பேட்டரி கொண்டது, ஆயுள் முடிந்துதான் கீச்சிடுகிறது. அலாரம் முழுவதையும் மாற்ற வேண்டும், அது உரிமையாளரின் செலவு. அந்த 2011 தெரியும்படி ஒரு படம் எடுத்து மின்னஞ்சலில் சேருங்கள். கூடவே லண்டன் தீயணைப்புப் படையின் இணையதளத்தில் வீட்டுத் தீப் பாதுகாப்புச் சோதனைக்குப் பதிந்துகொள்ளுங்கள், சேவை இலவசம், தேவை இருப்பதாகக் கண்டால் நேரில் வந்து பார்ப்பார்கள். புதிய அலாரம் வரும்வரை பழையதைக் கழற்ற வேண்டாம், கீச்சிட்டாலும் பரவாயில்லை.