22 வெற்றி, 33 தோல்வி. நம் நியூயார்க் மெட்ஸ் பேஸ்பால் அணியை இன்னும் நம்பலாமா?

ஏழாம் நம்பர் ரயில் | மே 30, 2024

நேற்று டாட்ஜர்ஸ் அணியிடம் 10-3 என்று தோற்றோம். அதற்கு முந்தின நாள் ஒரே நாளில் இரண்டு ஆட்டம், இரண்டும் போச்சு. சொந்த மைதானத்தில் இரண்டே நாளில் மூன்று தோல்வி. அது போதாதென்று நம் பிட்சர் (பந்து வீசுபவர்) ஒருவர் அம்பயரோடு சண்டை போட்டு வெளியேற்றப்பட்டு, போகிற போக்கில் கையுறையைக் கழற்றி வலைக்கு மேலே கூட்டத்துக்குள் வீசிவிட்டுப் போனார். என் மகளுக்குப் பத்து வயது. "அம்மா, அவர் நம்ம டீம்தானே, ஏன் அப்படிச் செஞ்சார்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

இந்த சீசனில் என்னைக் கஷ்டப்படுத்துவது தோல்வி மட்டும் இல்லை, நம்ப வைத்துவிட்டுக் கைவிடுகிறார்கள். ஆரம்பமே ஐந்து தோல்வி. மில்வாக்கி அணி நம் மைதானமான சிட்டி ஃபீல்டுக்கு வந்து மூன்றையும் எடுத்துக்கொண்டு போனது, அப்புறம் டெட்ராய்ட் இரண்டு. ஆறாவது ஆட்டத்தில் ஒன்பதாவது, அதாவது கடைசி இன்னிங்ஸ் வரை ரன்னே இல்லாமல் இருந்து, அலோன்சோ ஒரு ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்துச் சமன் செய்து, டைரோன் டெய்லர் முடித்துக் கொடுத்தார். அங்கிருந்து 12-8 வரை ஏறினோம். நானும் சரி, புது மேனேஜர் மெண்டோசா பிடித்துக்கொண்டார் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு 35 ஆட்டத்தில் வெறும் 10 வெற்றி. செங்கா தோள்பட்டைக் காயத்தால் இன்னும் ஒரு பந்துகூடப் போடவில்லை. இப்போது கடைசியில் வந்து ஆட்டத்தை முடித்துக்கொடுக்கும் பிட்சர் டியாஸும் காயப் பட்டியலில். லிண்டோரின் அடிக்கும் சராசரி இந்த மாதம் 200-க்குக் கீழே (பத்துக்கு இரண்டு அடிகூட இல்லை) போய்விட்டது, என் பெண் அவருடைய ஜெர்ஸியைப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறாள்.

போன வருஷம் அவ்வளவு பணம் கொட்டி 75-87, சீசன் நடுவிலேயே பெரிய பிட்சர்கள் ஷெர்சர், வெர்லாண்டர் இரண்டு பேரையும் வேறு அணிகளுக்கு அனுப்பிவிட்டார்கள். கேள்வி இதுதான்: இரண்டு மாத ஆட்டத்தை வைத்து ஒரு அணி இவ்வளவுதான் என்று சொல்லிவிடலாமா? பள்ளி விடுமுறைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போக டிக்கெட் எடுக்கலாமா, இல்லை அதற்குள் அலோன்சோவையும் விற்றுவிடுவார்களா? ஆறுதலுக்காகச் சொல்லாமல் உண்மையைச் சொல்லுங்கள்.

---

ஷேயா காலத்து ஆள் | மே 30, 2024

அம்மா, நான் படிக்க வந்த வருஷம் 1986. பேஸ்பால் என்றால் என்னவென்று தெரியாமல், கூட இருந்தவர்கள் இழுத்துக்கொண்டு போனதால் மெட்ஸின் பழைய மைதானமான ஷேயா ஸ்டேடியத்துக்குப் போனவன். அந்த வருஷம் முதல் ஐந்தில் மூன்று தோற்று, அப்புறம் வரிசையாகப் பதினொன்று ஜெயித்து, கடைசியில் 108 வெற்றி, உலகத் தொடர் என்னும் இறுதிக் கோப்பையும். முதல் வருஷமே இப்படி வந்ததால் எப்போதும் இப்படித்தான் என்று நம்பிவிட்டேன், அதற்குப் பிறகு இன்றுவரை இன்னொரு கோப்பை இல்லை.

ஆனால் எனக்கு ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்த பெரியவர்கள் 1986-ஐவிட 1973-ஐப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று மெட்ஸ் தன் பிரிவில் கடைசி இடம். மே இல்லை, ஆகஸ்ட் கடைசி! டக் மெக்ரா என்ற பிட்சர் "யூ காட்டா பிலீவ்" என்று கத்திக்கொண்டே இருந்தார். கடைசியில் 82-79 என்ற சுமாரான கணக்கோடு பிரிவை வென்று, உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம் வரை போய்த்தான் ஓக்லாந்திடம் தோற்றார்கள்.

கையுறை விஷயத்துக்கு மகளிடம் இதைச் சொல்லுங்கள்: தோற்கிற கோபம் பெரியவர்களுக்கும் வரும், அதை அப்படிக் காட்டியது தப்பு. அணியும் அவரை வைத்துக்கொள்ளப் போவதில்லை என்று சொல்லிவிட்டது. ஆட்டம் முடிந்ததும் லிண்டோர் எல்லாரையும் உட்கார வைத்துப் பேசியிருக்கிறார். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

---

பிலடெல்பியாவிலிருந்து | மே 30, 2024

அக்கா, நான் பிலீஸ் ரசிகன், உங்களுக்கு ஆகாதவன். இந்த வருஷம் நாங்கள் முன்னால் பறந்துகொண்டிருக்கிறோம், அதனால் நான் சொல்வதைச் சந்தேகப்படாதீர்கள்.

2022 ஜூன் 3. நாங்கள் 22-29. மேனேஜர் ஜிரார்டியை அன்றைக்கு வேலையை விட்டு அனுப்பினார்கள். உங்கள் கணக்கும் எங்கள் அன்றைய கணக்கும் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, பாருங்கள். அந்த வாரம் நான் வீட்டில் பேஸ்பால் சேனலையே வைக்கவில்லை. ராப் தாம்சன் வந்தார், 87-75 என்று முடித்து, பிளேஆஃபுக்கான இடங்களில் கடைசியானதைப் பிடித்து உள்ளே நுழைந்து, அக்டோபரில் உலகத் தொடர் வரை போனோம். ஹூஸ்டனிடம் ஆறு ஆட்டத்தில் தோற்றது இன்னும் வலிக்கிறது, ஆனால் அந்த ஒரு மாதத்தை எதற்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

உங்களுக்கு இன்னும் கசப்பான உதாரணம் வேண்டுமானால் 2019 வாஷிங்டன். மே மாதத்தில் 19-31. அப்போது அவர்களை நான்கு ஆட்டமும் அடித்துத் துரத்தியது உங்கள் மெட்ஸ்தான். அதே அணிதான் அக்டோபரில் கோப்பையைத் தூக்கியது.

---

கணக்கு வாத்தியார் | மே 31, 2024

மேலே இருவரும் சொன்னது எல்லாம் நடந்ததுதான். ஆனால் திரும்பி வந்தவர்களை மட்டுமே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். 1988-ல் பால்டிமோர் முதல் 21 ஆட்டமும் தோற்றது, கடைசியில் 54-107. திரும்பி வரவில்லை. நல்ல தொடக்கமும் அப்படித்தான். பிட்ஸ்பர்க் போன வருஷ ஏப்ரலை 20-9 என்று முடித்தது, சீசனை முடித்தது 76-86. டாம்பா பே போன வருஷம் முதல் 13 ஆட்டமும் ஜெயித்தது, 99 வெற்றியோடு பிளேஆஃபுக்குள் வந்தது, டெக்ஸஸிடம் இரண்டே ஆட்டத்தில் வெளியே. மறுபக்கம் 1984 டெட்ராய்ட் 35-5 என்று தொடங்கி நேராகக் கோப்பை வரை போனது.

இப்போது நம் கணக்கு. ஒரு லீக்கிலிருந்து ஆறு அணிகள் பிளேஆஃபுக்குள் போகலாம். போன வருஷம் அரிசோனா 84 வெற்றியோடு நுழைந்து உலகத் தொடர் வரை போனது. நேற்றைய ஆட்டத்துக்கு முன்னால் இருந்த 22-33-இலிருந்து 84-ஐத் தொட, மீதி 107 ஆட்டத்தில் 62 ஜெயிக்க வேண்டும். அந்த வேகத்தில் முழு சீசன் ஆடுகிற அணி 94 வெற்றி எடுக்கும். அதாவது நாம் இன்றிலிருந்து நல்ல அணியாக அல்ல, மிக நல்ல அணியாக ஆட வேண்டும். முடியாதது இல்லை, சுலபமும் இல்லை.

லிண்டோர் விஷயத்தில் நான் கவலைப்படவில்லை. 200 முறை மட்டை பிடித்ததை வைத்து ஒருவருடைய சராசரியைப் பற்றி எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது. நன்றாக அடித்த பந்தே நேராக ஆள் கைக்குப் போகிறது, ஏப்ரல் குளிரில் பந்து தூரமும் போகாது. அவர் எத்தனை முறை ஸ்ட்ரைக் அவுட் (பந்தை அடிக்காமலேயே அவுட்) ஆகிறார், எவ்வளவு பலமாக அடிக்கிறார் என்பதைப் பாருங்கள். மே 18-இலிருந்து அவரை முதல் ஆளாக இறக்குவது எனக்குப் பிடித்திருக்கிறது. என் கவலையெல்லாம் புல்பென், அதாவது தொடக்க பிட்சருக்குப் பிறகு வரும் மாற்று பிட்சர்கள். தொடக்க பிட்சர்கள் ஐந்து இன்னிங்ஸோடு இறங்கிவிட்டால் மீதி நான்கையும் தினமும் அவர்கள்தான் சுமக்க வேண்டும், ஜூன் வருவதற்குள் கை ஓய்ந்துவிடுகிறது.

---

சேப்பாக்கம் டு குயின்ஸ் | மே 31, 2024

எனக்கு இவ்வளவு கணக்கு தெரியாது. இரண்டு வாரத்துக்கு முன்னால் ஐபிஎல்லில் நடந்தது நினைவிருக்கிறதா? முதல் எட்டில் ஏழு தோற்ற பெங்களூரு, வரிசையாக ஆறு ஜெயித்து, கடைசி ஆட்டத்தில் நம் சென்னையை வெளியே தள்ளிவிட்டு பிளேஆஃப் போனது. அங்கே மொத்தமே 14 ஆட்டம். இங்கே 162. பதினான்கிலேயே திரும்ப முடிகிறதென்றால் இங்கே ஜூன் பிறப்பதற்குள் ஏன் கதவைச் சாத்த வேண்டும்?

ஆனால் ஒரு விஷயத்தில் நான் வேறு கட்சி. ஜூலை கடைசியில் இதே நிலை என்றால் அலோன்சோவை அனுப்பித்தான் ஆக வேண்டும், சீசன் முடிந்ததும் அவருடைய ஒப்பந்தம் முடிகிறது. சும்மா விட்டுவிட்டு அப்புறம் அழுவதில் பயன் இல்லை. இதை எழுதவே கை வரவில்லை, அந்த மனிதரை அவ்வளவு பிடிக்கும். டிக்கெட்டை இப்போதே எடுங்கள் அக்கா. அவரை அந்த உடுப்பில் உங்கள் பெண் ஒரு தடவையாவது பார்த்துவிடட்டும்.

---

ஏழாம் நம்பர் ரயில் | மே 31, 2024

எல்லாருக்கும் நன்றி. எடுத்துவிட்டேன், ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வாத்தியார் அண்ணா, அந்த 62-ஐ ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். ஒவ்வொரு வெற்றிக்கும் ஒரு கோடு போடுவது அவள் வேலை. நேற்று அரிசோனாவை 3-2 என்று ஜெயித்ததற்கு முதல் கோடு போட்டாயிற்று.

---

ஏழாம் நம்பர் ரயில் | அக்டோபர் 1, 2024

பழைய இழையைத் தோண்டி எடுத்ததற்கு மன்னியுங்கள், யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜூன் தொடக்கத்தில் 24-35 வரை இறங்கி, அங்கிருந்து 65-38. மொத்தம் 89. ஃப்ரிட்ஜில் இருந்த தாள் போதாமல் பின்பக்கத்திலும் கோடு போட வேண்டியிருந்தது.

நேற்று அட்லாண்டாவில் நடந்ததை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். எட்டாவது இன்னிங்ஸ் வரை 0-3. எட்டாவதில் ஆறு ரன். அதே இன்னிங்ஸில் அவர்கள் நான்கு அடித்து 7-6. வேலை நேரத்தில் போனை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன், அந்த நான்கு விழுந்தபோது மே மாதத்து வயிற்றெரிச்சல் அப்படியே திரும்பி வந்தது. ஒன்பதாவதில் லிண்டோர், முதுகு வலியோடு, ஒருவர் பேஸில் நிற்க, ஹோம் ரன். 8-7. எட்டாவதில் அடி வாங்கிய டியாஸே வந்து முடித்தார். அந்த வெற்றியோடு பிளேஆஃபுக்குள் போய்விட்டோம்.

பள்ளி விட்டு வந்தவளிடம் நான் சொல்லவில்லை, முதலில் ரீப்ளே போட்டுக் காட்டினேன். இன்று மாலை மில்வாக்கியில் பிளேஆஃபின் முதல் ஆட்டம், மார்ச் கடைசியில் நம் வீட்டுக்கு வந்து மூன்றையும் எடுத்துப்போன அதே அணியோடு. வீட்டுப்பாடத்தை ஐந்து மணிக்குள் முடித்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.